கேமிலிருந்து வந்த நாவல், காமிக்ஸ்: பிள்ளையின் கையில் கொடுக்குமுன் பார்க்க வேண்டியவை

எங்கள் சபையின் சிறுவர் அலமாரிக்குப் புத்தகம் சேர்க்கும் பொறுப்பு ஒருமுறை என் தலையில் விழுந்தது. ஞாயிறு பள்ளிப் பையன்களில் பாதிப் பேர் வீடியோ கேம் பைத்தியங்கள். சரி, கேமை ஒட்டி வந்த கதைகளையாவது படிக்கட்டுமே என்று 'டயாப்ளோ' விளையாட்டிலிருந்து வந்த 'த சின் வார்' நாவல்கள் மூன்றையும் மொத்தமாக வாங்கிப் போட்டேன். தலைப்பிலேயே பாவம் இருக்கிறது, உள்ளே தேவதூதர்களும் பிசாசுகளும் வருகிறார்கள், நம் ஆட்களுக்குப் பொருந்தும் என்று நினைப்பு. ஒரு பக்கம்கூடப் புரட்டவில்லை.

மூன்றாவது வாரம் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் வகுப்பு முடிந்தும் போகாமல் நின்றான். "அக்கா, நாமெல்லாம் ஏஞ்சலுக்கும் பேய்க்கும் பிறந்தவங்களா?" கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டான். அன்று ராத்திரிதான் புத்தகத்தைத் திறந்தேன். இனாரியஸ் என்ற தூதனும் லிலித் என்ற பேயும் தங்கள் கூட்டத்தோடு ஓடிவந்து ஓர் உலகத்தை உண்டாக்குகிறார்கள். அங்கே இருக்கும் மனிதர்கள் அந்த இரு கூட்டத்தாரின் வம்சம். போதாததற்கு, அந்தத் தூதன் தீர்க்கதரிசி வேஷம் போட்டு ஒரு ஆலயத்தையும் நடத்துகிறான்!

அதற்கப்புறம் சில மாதம் இந்த வகைப் புத்தகங்களையே படித்தேன். நான் பட்ட பாட்டை நீங்களும் பட வேண்டாம் என்பதற்காக, எந்த வரிசையில் என்ன பார்க்க வேண்டும் என்று எழுதி வைக்கிறேன்.

1. கையில் இருப்பது எந்த வகை என்று கண்டுபிடியுங்கள்

"கேம் புத்தகம்" என்று ஒரே பெயரில் சொல்கிறோம். உள்ளே பல ஜாதி.

விளையாட்டின் கதையை அப்படியே நாவலாக்குவது ஒன்று. எஸ். டி. பெர்ரி 1998 முதல் எழுதிய 'ரெசிடென்ட் ஈவில்' நாவல்கள் ஏழில் பெரும்பாலானவை இந்த வகை. இரண்டு மட்டும் அவரே கற்பனை செய்த தனிக் கதைகள். விளையாட்டு தொடங்குமுன் நடந்ததைச் சொல்வது இன்னொன்று. எரிக் நைலண்ட் எழுதிய 'ஹேலோ: த ஃபால் ஆஃப் ரீச்' 2001 அக்டோபர் கடைசியில் வந்தது, முதல் ஹேலோ விளையாட்டு நவம்பர் நடுவில். அதாவது நாவல் விளையாட்டையே இரண்டு வாரம் முந்திக்கொண்டது. இந்த வகையில் விளையாட்டில் காட்டாத சங்கதிகள் நிறைய இருக்கும். பிள்ளை விளையாடுவதை நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருந்தாலும் நாவலில் என்ன இருக்கிறது என்று தெரிந்துவிடாது.

மங்கா என்ற ஜப்பானியப் படக்கதைகளும் காமிக்ஸும் பெரும்பாலும் தம் போக்கில் போகும். பெயரும் பாத்திரங்களும் விளையாட்டிலிருந்து, கதை வேறு.

பலரும் ஏமாறும் இடம் தலைகீழ் வகை. 'விட்சர்' விளையாட்டு வந்தது 2007-இல். அதற்கு மூலமான ஆந்த்ரே சப்கோவ்ஸ்கியின் போலிஷ் கதைகள் 1980-களிலேயே தொடங்கிவிட்டன. 'மெட்ரோ 2033'-ம் அப்படித்தான், நாவல்தான் முதலில். இவை பெரியவர்களுக்கென்று எழுதப்பட்டவை. 'விட்சர்' கதைகளில் பாலியல் விஷயங்கள் தாராளமாக உண்டு. அட்டையில் கேம் படத்தைப் போட்டு விற்பதால் சிறுவர் புத்தகம் என்று எடுத்துவிடுவோம்.

2. உரிமைப் பக்கத்தைப் படியுங்கள்

தலைப்புப் பக்கத்துக்குப் பின்னால் பொடி எழுத்தில் ஒரு பக்கம் இருக்குமே, அதுதான் உங்களுக்கு வேண்டிய முதல் ஆவணம். அதில் மூன்று விஷயம் பாருங்கள்: விளையாட்டு நிறுவனத்தின் உரிமம் பெற்றதா, முதலில் வெளியான வருடம், எத்தனையாவது தொகுதி.

உரிமம் ஏன் முக்கியம் என்றால், 'மைன்கிராஃப்ட்' பெயரில் யார் வேண்டுமானாலும் எழுதிய நாட்குறிப்புக் கதைகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. அவற்றில் நல்லதும் உண்டு, குப்பையும் உண்டு. எதற்கும் உத்தரவாதம் இல்லை. உரிமம் பெற்ற வரிசை 2017-இல் மேக்ஸ் புரூக்ஸின் 'மைன்கிராஃப்ட்: த ஐலண்ட்' நாவலோடு தொடங்கியது. தீவில் தனியாக ஒதுங்கியவன் ஒவ்வொரு தவறிலும் ஒரு பாடம் கற்றுக்கொள்ளும் கதை. ஜாம்பி வரும், சண்டை வரும். வழிபாடு, மாற்றுக் கடவுள் என்று எதுவும் மையத்தில் இல்லை. பத்து வயதுப் பிள்ளைக்கு முதல் புத்தகம் எது என்று கேட்பவர்களிடம் நான் இதைத்தான் சொல்கிறேன்.

3. விளையாட்டின் வயது முத்திரை புத்தகத்துக்குப் பொருந்தாது

விளையாட்டுப் பெட்டிகளில் அமெரிக்காவின் ஈ.எஸ்.ஆர்.பி. முத்திரை 1994 முதலும், ஐரோப்பாவின் பெகி முத்திரை 2003 முதலும் இருக்கின்றன. நாவலுக்கு அப்படி எதுவும் கிடையாது. மங்காவில் சில பதிப்பகங்கள் பின்னட்டையில் 'அனைத்து வயதினர்', 'டீன்', 'டீன் பிளஸ்', 'மெச்சூர்' என்று அச்சிடுகின்றன. அது பதிப்பகமே போட்டுக்கொள்வது. ரத்தமும் கெட்ட வார்த்தையும் எவ்வளவு என்று சொல்லும். உங்கள் விசுவாசத்தைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

இதில் சுலபமாகச் சறுக்கலாம். 'போக்கிமான் அட்வென்ச்சர்ஸ்' மங்காவை (1997-இல் ஜப்பானில் தொடங்கியது) கார்ட்டூன் மாதிரி இருக்கும் என்று வாங்கிக் கொடுத்தேன். ஆரம்பக் கதைகளிலேயே ஒரு ஆர்போக் பாம்பு இரண்டு துண்டாக வெட்டப்படுகிறது. பெரிய பிள்ளைகள் தாங்குவார்கள், ஆறு வயதுக் குழந்தை ராத்திரி தூங்காது.

'இன்ஜஸ்டிஸ்' காமிக்ஸ் இன்னும் மோசமான பொறி. அட்டையில் சூப்பர்மேன் இருக்கிறார், நமக்குச் சின்ன வயதிலிருந்து தெரிந்த ஆள் என்று எடுத்துக் கொடுப்போம். 2013-இல் சண்டை விளையாட்டு ஒன்றின் முன்கதையாக வந்தது அது. தொடக்கத்திலேயே சூப்பர்மேன் வஞ்சகத்தில் சிக்கி, கர்ப்பிணியான தன் மனைவியைத் தானே கொல்கிறார். பிறகு உலகத்தையே அடக்கி ஆளத் தொடங்குகிறார். பழிவாங்குதல் பற்றிப் பேச நல்ல கதைதான், ஆனால் பதினாறு பதினேழு வயதுக்கு மேல்.

4. மூன்று இடங்களைத் திறந்து படியுங்கள்

முழுப் புத்தகத்தையும் படிக்க நேரம் இல்லையென்றால் முதல் அத்தியாயம், நடுவில் ஒரு இருபது பக்கம், கடைசி அத்தியாயம். முதலாவது மொழி எப்படி என்று காட்டும், நடு வன்முறையின் அளவைக் காட்டும், கடைசி யார் ஜெயித்தார்கள், எதனால் ஜெயித்தார்கள் என்று காட்டும். மூன்றிலும் முக்கியம் அந்தக் கடைசிதான். முடிவு தெரிந்துவிடுமே என்று கவலைப்படாதீர்கள், நீங்கள் ரசிக்கவா படிக்கிறீர்கள்?

மங்கா வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் முதல் தொகுதியைக் கடைசிப் பக்கத்திலிருந்து ஆரம்பித்து, என்னடா கதை இது என்று பத்து நிமிடம் திட்டிக்கொண்டிருந்தேன்.

5. அந்தக் கதையில் கடவுள் யார் என்று கேளுங்கள்

மற்ற எல்லாவற்றையும்விட இதில்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். நம்மில் பலர் அட்டையில் கொம்பும் மண்டையோடும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்கிறோம். அட்டையில் கொம்பு இல்லாத புத்தகம்தான் பல நேரம் ஆழமாகக் கை வைக்கிறது.

'டூம்' நாவல்களை எடுத்துக்கொள்ளுங்கள். 1995, 96-இல் நான்கு வந்தன. விளையாட்டில் நரகத்திலிருந்தே பிசாசுகள் வருகின்றன. நாவலிலோ அவை மனிதனின் பழைய பயங்களைப் பார்த்து வேற்றுக்கிரகத்தார் வேண்டுமென்றே அந்த உருவத்தில் செய்த ஜந்துக்கள். சாத்தானியம் என்று பயந்து திறந்தால், உள்ளே இருப்பது துப்பாக்கியும் விண்வெளியும்தான். ரத்தம் ஏராளம், அது வேறு விஷயம்.

இப்போது 'அசாசின்ஸ் க்ரீட்: ரினைசன்ஸ்' (2009). அழகான அட்டை, இத்தாலிய நகரங்கள், வரலாற்றில் நிஜமாக இருந்த மனிதர்கள். பிள்ளை வரலாறு படிக்கிறான் என்று சந்தோஷப்படத் தோன்றும். அதில் வில்லன் ரோட்ரிகோ போர்ஜியா, அதாவது 1492-இல் போப்பான ஆறாம் அலெக்சாண்டர். அவரைக் கெட்டவராகக் காட்டுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, சரித்திரமும் அவரை அப்படி ஒன்றும் புகழவில்லை. கவனிக்க வேண்டியது ஏதேனின் கனி. அது மனிதருக்கு முன் வாழ்ந்த ஓர் இனம் செய்த கருவியாம். நாம் தெய்வங்கள் என்று வணங்கியது அந்த இனத்தாரைத்தானாம். ஆதியாகமத்தை மறுத்து வாதாடுவதில்லை, அதற்குப் பதில் வேறு கதையை அந்த இடத்தில் சத்தமில்லாமல் உட்கார வைத்துவிடுகிறது. நிஜ மனிதரும் நிஜத் தேதியும் சுற்றி இருப்பதால், எது சரித்திரம், எது கட்டுக்கதை என்று பதிமூன்று வயதில் பிரித்துப் பார்ப்பது கஷ்டம். வேதாகமத்தை ஒருமுறையாவது ஒழுங்காகப் படித்த பெரிய பிள்ளைகளுக்கு மட்டும் கொடுக்கிறேன்.

ஹேலோ வேறு மாதிரி. உடன்படிக்கை, பிரளயம், பேழை என்று பெயர்களெல்லாம் நம் வேதாகமத்திலிருந்து. எதிரிகளான வேற்றுக்கிரகத்தார் ஒரு மதத்தால் கட்டுண்டவர்கள். மனித இனத்தை அழிப்பது தேவ சித்தம் என்று நம்பிப் போர் செய்கிறார்கள். மதமே ஆபத்து என்று சொல்கிறதா, பொய்யான மதம் ஆபத்து என்று சொல்கிறதா? இரண்டு விதமாகவும் படிக்கலாம். என்னை உறுத்தியது அதுவல்ல. கதையின் நாயகன் ஜானும் அவனைப் போன்ற பிள்ளைகளும் ஆறு வயதில் வீட்டிலிருந்து கடத்தப்பட்டுப் போர்வீரர்களாக ஆக்கப்படுகிறார்கள். நல்ல காரணத்துக்காக அதைச் செய்யலாமா என்ற கேள்வி நாவல் முழுக்க அடியில் ஓடுகிறது. எங்கள் வகுப்பில் இதை வைத்து ஒரு மணி நேரம் பேச்சு ஓடியது. வழக்கமாக வாயே திறக்காத ஒரு பெண்தான் அதிகம் பேசினாள்.

நான் படித்ததில் எனக்கு மிகவும் பிடித்தது 'மிஸ்ட்' நாவல்கள். முதலாவது 'த புக் ஆஃப் அட்ரஸ்', 1995. விளையாட்டை உருவாக்கிய மில்லர் சகோதரர்களே டேவிட் விங்ரோவுடன் சேர்ந்து எழுதியது. அதில் ஒரு புத்தகத்தை எழுதினால் அதன் வழியாக ஓர் உலகத்துக்குப் போகலாம். தகப்பன் கென், அந்த உலகங்களைத் தானே படைத்ததாக நம்பி, அங்குள்ள மக்களுக்குக் கடவுளாக உட்கார்ந்துகொள்கிறான். மகன் அட்ரஸ், அவை ஏற்கெனவே இருக்கும் உலகங்கள், நாம் வழி மட்டுமே எழுதினோம் என்கிறான். படைப்பாளிக்கும் படைப்புக்கும் உள்ள வித்தியாசத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிடச் சுலபமான கதை எனக்கு அகப்படவில்லை. நடை மெதுவானது, சண்டைப் பிரியர்கள் ஐம்பதாவது பக்கத்தில் வைத்துவிடுவார்கள்.

6. மந்திரம், பல தெய்வம், பரிணாமம்: ஒவ்வொன்றையும் தனியாக எடைபோடுங்கள்

உபாகமம் 18 குறி கேட்பதையும் சூனியத்தையும் விலக்குகிறது. அது நாம் செய்வதைப் பற்றியது. கதையில் ஒருவன் கையிலிருந்து நெருப்பு வீசுவதும், வாசகனை உட்கார்த்தி வைத்து ஆவியை அழைக்கச் சொல்லிக்கொடுப்பதும் ஒன்றல்ல. இரண்டாவது வகை எதுவாக இருந்தாலும் நான் தள்ளிவிடுகிறேன். முதலாவது வகைக்குப் பிள்ளையைப் பார்த்து முடிவு செய்கிறேன்.

'செல்டா' மங்காக்களில் உலகத்தை உண்டாக்கியது டின், நய்ரு, ஃபரோரே என்ற மூன்று தேவதைகள். கதை ஓட்டத்தில் சில பக்கம் வந்து போகும் பின்னணி அது. நாயகனின் தைரியம்தான் கதை. பழைய புராணக் கதையாக எடுத்துக்கொள்ளும் பிள்ளைக்குப் பிரச்சினை இல்லை.

போக்கிமானில் 'பரிணாமம்' என்ற சொல்லைப் பார்த்து அலறுகிறவர்கள் உண்டு. அங்கே நடப்பது கம்பளிப்புழு பட்டாம்பூச்சி ஆவது போன்ற உருமாற்றம், அவ்வளவுதான். அதைவிட, அந்த விளையாட்டின் புராணத்தில் அண்டத்தைப் படைத்ததாகச் சொல்லப்படும் ஆர்சியஸையே ஒரு பந்துக்குள் பிடித்துவிடலாம் என்பது எனக்கு வேடிக்கையாக இருந்தது. பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள், "பந்துக்குள் அடங்குகிறவர் கடவுளா?" பதில்கள் நன்றாக இருக்கும்.

7. செலவையும் நேரத்தையும் முன்பே கணக்குப் போடுங்கள்

ஒரே ஒரு தொகுதி வாங்குங்கள். நான் மூன்றை ஒன்றாக வாங்கிக் கையைச் சுட்டுக்கொண்டேன். மங்கா என்றால் இன்னும் எச்சரிக்கை: 'செல்டா'வின் 'ட்விலைட் பிரின்சஸ்' 11 தொகுதிகள். முதலாவதைக் கொடுத்துவிட்டால் பத்து முறை கேட்டு வருவார்கள். அதை வரைந்த அதே ஓவியர் இணையின் 'ஒக்கரினா ஆஃப் டைம்' இரண்டே பாகம். 'லெஜண்டரி எடிஷன்' என்று இரண்டையும் ஒரே புத்தகமாகவும் போட்டிருக்கிறார்கள். 'மிஸ்ட்' நாவல்கள் மூன்றும் ஒரே தொகுப்பாக வந்திருக்கின்றன. தனித்தனியாகத் தேடி அலையாதீர்கள்.

'சோனிக்' காமிக்ஸில் பழைய வரிசை 290 இதழ்கள் ஓடி நின்றுவிட்டது. அதை முதலிலிருந்து சேர்க்கப் போனால் பழைய இதழ் வியாபாரிகள் சொன்னதுதான் விலை. 2018 ஏப்ரலில் வேறு பதிப்பகம் ஒன்றாம் இதழிலிருந்து புதிதாக ஆரம்பித்தது. அங்கிருந்து தொடங்கினால் போதும், முன்கதை தெரியாவிட்டாலும் புரியும்.

நேரம்: மங்கா ஒரு தொகுதியை ஒரு மாலையில் பார்த்துவிடலாம். நாவலுக்கு எனக்கு ஒரு வாரம் ஆகிறது. பிறந்தநாளுக்கோ கிறிஸ்துமஸுக்கோ கொடுப்பதாக இருந்தால் ஒரு மாதம் முன்பே வாங்கி, நீங்கள் படித்துவிட்டு, அப்புறம் பொதி சுற்றுங்கள். கடைசி நாளில் வாங்கினால் படிக்காமல்தான் கொடுப்பீர்கள். அட்டையில் விரல் தடம் படாமல் படிப்பது ஒரு கலை.

8. ஒரு தாள் எழுதி உள்ளே வையுங்கள்

சபை அலமாரிக்கு வாங்குகிறவர்கள் இதை விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு புத்தகத்திலும் அரைத் தாள். எந்த விளையாட்டிலிருந்து, எந்த வயதுக்கு, ரத்தம் எவ்வளவு, கதையில் கடவுள் யார், யார் எப்போது படித்துப் பார்த்தது. ஐந்து வரி போதும். பெற்றோரிடம் ஒரு கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள், "என் பிள்ளை இந்த வயதுப் பிரிவு வரை எடுக்கலாம்" என்று. ஒரு வீட்டில் சரி என்பதை இன்னொரு வீட்டில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ரோமர் 14 முழுக்க இந்தச் சண்டைதான், அங்கே மாம்சமும் மரக்கறியும். மனச்சாட்சி இடறுகிறது என்று ஒரு தாய் சொன்னால் வாதாடாதீர்கள், அந்தப் பிள்ளைக்கு வேறு புத்தகம் கொடுங்கள்.

யாராவது அப்போஸ்தலர் 19-ஐக் காட்டி எல்லாவற்றையும் எரிக்கச் சொல்லலாம். எனக்கும் சொன்னார்கள். எபேசுவில் ஐம்பதாயிரம் வெள்ளிக்காசு பெறுமான மாயவித்தைப் புத்தகங்களை எரித்தவர்கள், தங்கள் சொந்தப் புத்தகங்களை, தாங்களாகவே கொண்டுவந்து எரித்தார்கள். அதற்கு இரண்டு அதிகாரம் முன்னால் அதே பவுல், அத்தேனே பட்டணத்தாரின் புலவர்கள் சொன்னதை எடுத்துக்காட்டிப் பிரசங்கம் செய்கிறார். இரண்டையும் சேர்த்துப் படிக்கலாம் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, அரைத் தாள்களைக் காட்டினேன்.

9. ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா?

பிடுங்காதீர்கள். பிடுங்கின புத்தகத்தை நண்பன் வீட்டில் படிப்பான். எந்தப் பக்கத்தில் இருக்கிறான் என்று கேளுங்கள், அதுவரை நீங்களும் படியுங்கள், உட்கார்ந்து பேசுங்கள். நான் அந்தப் பையனுடன் அப்படித்தான் செய்தேன். ஆதியாகமம் முதல் அதிகாரத்தையும் நாவலின் அந்தப் பகுதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். யார் சாயலில் மனிதன் உண்டாக்கப்பட்டான் என்று அவனே விரல் வைத்துக் காட்டினான். பிறகு, "ஆனா அக்கா, அந்த நாவல்ல சண்டை சூப்பர்" என்றான்.

மூன்று தொகுதிகளும் இப்போது என் வீட்டு அலமாரியில், அரைத் தாளோடு இருக்கின்றன. வயது என்ற இடத்தில் 17 என்று எழுதியிருக்கிறேன். அவனுக்கு இன்னும் மூன்று வருடம் இருக்கிறது, கணக்கு வைத்திருக்கிறான். இடையில் 'மிஸ்ட்' கொடுத்திருக்கிறேன். நாற்பத்தெட்டாவது பக்கத்தில் நிற்கிறான்.